களம் காணாத தழும்பு

"தம்பி, இத்தனை பழைய காகிதம் பொய் சொல்லுமா?"

எழுபதைக் கடந்த மூதாட்டி ஒருவர் நம்மைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. நம் வகுப்பில் படிக்கும் மாணவன் ஒருவனின் பாட்டி அவர். நீரிழிவு நோயாளி. ஆண்டுக் கணக்கில் மாத்திரை உண்டு உடலைக் காத்து வருபவர். அவர் பன்னிரண்டு நாட்களாக மாத்திரையைத் தொடவில்லை என்று பேரன் கலங்கிய முகத்தோடு வந்து சொன்னான். ஏன் என்று கேட்டோம். கைப்பேசியை நீட்டினான்.

அதில் ஒரு படம். பழுப்பேறிய தாள், ஓரம் தீய்ந்த தோற்றம். அதன்மேல் ஆங்கில எழுத்துகள். முனை மழுங்கி, விளிம்பு சிதைந்து, மை அங்கங்கே பற்றாமல் விட்டுப்போய், ஏதோ முந்நூறாண்டு முதிர்ந்த அச்சகத்திலே பிறந்தவைபோல் காட்சி தந்தன. லண்டன் மாநகரத்து வைத்தியர் ஒருவர் கண்டறிந்த மூலிகைச் சாறாம். சர்க்கரை நோயை வேரோடு களையுமாம். வேறு மருந்து கூடவே கூடாதாம். அடியிலே தமிழில் விளக்கம். எழுதியவர் பெயர் இல்லை. அச்சிட்டவர் பெயர் இல்லை. அச்சகம் இருந்த தெரு இல்லை. 1740 என்ற ஆண்டு மட்டும் பெரிதாக இருந்தது.

பேரன் படித்தான், பாட்டி நம்பினார். எதை நம்பினார்? சொன்னவரையா? சொன்னவரே இல்லை. சான்றையா? சான்றே இல்லை. எழுத்தின் கிழட்டுக் கோலத்தை நம்பினார்! தேய்ந்த எழுத்து, தேர்ந்த எழுத்தாகத் தெரிந்தது அவருக்கு. பழுத்த தாள், பழுத்த அறிவாகப் பட்டது.

பாட்டியிடம் நமக்குச் சினம் இல்லை. பழமைக்குத் தலை வணங்கு, கேள்வி கேளாதே என்று அவரைப் பழக்கிய சமுதாயம் அது. நம் சினமெல்லாம் அந்த வேடத்தின்மீது. புதிதாகப் பிறந்து, பழையதாக நடித்து, நம்பிக்கையைத் திருடும் அந்தப் பொய் எழுத்தின்மீது.

அந்தப் படத்தை வகுப்பறைக்கு எடுத்துச் சென்றோம். பெரிதாக்கினோம். "ஆங்கிலத்தில் 'ஈ' என்று ஒலிக்கும் எழுத்தை மட்டும் தேடுங்கள். அதன் உடைசல் எங்கே இருக்கிறது என்று குறியுங்கள்" என்றோம். முதல் வரியில் ஒன்று. வயிற்றுக் கோட்டில் சிறு விரிசல், வால் நுனியில் ஒரு கடி. இரண்டாம் வரியில் மூன்று. அதே விரிசல், அதே கடி. பத்தாம் வரியிலும் அதே. கடைசி வரியிலும் அதே. நாற்பதுக்கு மேல் எண்ணிவிட்டுப் பிள்ளைகள் நிமிர்ந்தார்கள். "ஐயா, எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் எப்படி அடிபடும்?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

அதுதான் கேள்வி, தோழர்களே! அந்தக் கேள்வியிலே அந்தப் பொய்யின் அடித்தளமே ஆட்டம் கண்டது.

உண்மை அச்செழுத்து எவ்வாறு பிறக்கிறது, எவ்வாறு தேய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் இது விளங்கும். எஃகுத் துண்டின் நுனியில் எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்குவான் கைவினைஞன். அதைச் செம்பிலே அடித்துப் பள்ளமாக்குவான். அந்தப் பள்ளத்தில் ஈயமும் வெள்ளீயமும் ஆன்டிமனியும் கலந்த உருகிய உலோகத்தை வார்ப்பான். ஒரே பள்ளத்திலிருந்து நூற்றுக்கணக்கான 'ஈ'க்கள் பிறக்கும். பிறக்கும்போது எல்லாம் ஒன்றுபோல் இருக்கும், நேர்த்தியாக இருக்கும். பிறந்தபின்தான் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வாழ்வு. ஒன்று கை தவறிக் கல் தரையில் விழும். ஒன்று அச்சுப் பொறியின் அழுத்தத்திலே முனை நசுங்கும். ஒன்று பெட்டிக்குள்ளேயே கிடந்து புதுமை குன்றாமல் இருக்கும். ஓராயிரம் தொழிலாளருக்கு ஓராயிரம் தழும்பு. ஒருவன் தழும்பு மற்றவனுக்கு வாராது. ஈய எழுத்துக்கும் அதே நீதிதான்.

அந்தத் தழும்பு எத்துணை மெய்யானது என்பதற்கு ஒரு சான்று. 1623இல் ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தொகுத்து லண்டனில் அச்சிட்டார்கள். அந்த நூலின் ஐம்பதுக்கும் மேற்பட்ட படிகளை வாஷிங்டன் நகரத்து ஃபோல்ஜர் நூலகத்தில் வைத்து, பக்கத்தோடு பக்கம் ஒப்பிட்டார் சார்ல்டன் ஹின்மன் என்ற அமெரிக்க அறிஞர். ஒப்பிடுவதற்கென்றே கண்ணாடிகளும் விளக்குகளும் பொருத்திய ஒரு பொறியையும் அமைத்துக்கொண்டார். உடைந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு, இந்தப் பக்கத்தில் வந்த அதே ஈயத்துண்டு எந்தப் பக்கத்தில் மீண்டும் வருகிறது என்று தொடர்ந்தார். எந்தப் பக்கம் முன்னே அச்சேறியது, எது பின்னே என்று கண்டார். ஐந்து அச்சுக்கோப்பாளர்களின் கைகளைப் பிரித்துக் காட்டினார். அவர்களில் ஒருவன் கை பழகாத பயிற்சியாளன் என்பதும் தெரிய வந்தது. 1963இல் அவர் ஆய்வு நூலாக வெளிவந்தது. பெயர் எழுதிவைக்கப்படாத தொழிலாளியின் உழைப்புக்கு, முந்நூற்று நாற்பது ஆண்டு கழித்துச் சாட்சி சொன்னது எது? ஓர் ஈயத் துண்டின் தழும்பு!

ஆகவே நாம் சொல்கிறோம்: உண்மைத் தேய்மானம் ஒரு சாட்சி. பொய்த் தேய்மானம் ஒரு பொய்ச் சாட்சி.

சாட்சியை மதிப்பவன், அதைக் குறுக்கு விசாரணை செய்யவும் அஞ்சமாட்டான். இங்கிலாந்தில் தாமஸ் ஜே. வைஸ் என்றொருவர் இருந்தார். நூற் பட்டியல் துறையிலே மாமன்னராகப் போற்றப்பட்டவர். பழைய கவிஞர்களின் கிடைத்தற்கரிய முதற் பதிப்புகள் என்று சிறு வெளியீடுகள் பல அவர் வழியே சேகரிப்போர் கைகளுக்குப் போயின. ஜான் கார்ட்டர், கிரகாம் பொல்லார்டு என்ற இரு இளம் நூல் வணிகர்கள் ஐயுற்றார்கள். பெரியவர் சொன்னாரே என்று பேசாதிருக்கவில்லை. தாளைச் சோதித்தார்கள், அட்டையில் இருந்த ஆண்டில் இங்கிலாந்தில் வழக்கிலேயே இல்லாத புல்லும் மரக்கூழும் அந்தத் தாளிலே இருந்தன. எழுத்தைச் சோதித்தார்கள், அந்த ஆண்டில் வார்க்கப்பட்டிராத வடிவங்கள் அதிலே இருந்தன. 1934இல் புத்தகமாகவே வெளியிட்டுப் போலியை உடைத்தார்கள். அப்போது இருவருக்கும் வயது முப்பதை ஒட்டித்தான்! ஆண்டு சொல்லும் அட்டையை நம்பாதே, அட்டை சொல்லும் ஆண்டைச் சோதி என்று அந்த இளைஞர் இருவரும் உலகுக்குக் காட்டினார்கள்.

சரி, பிறக்கும்போதே தேய்ந்து பிறக்கும் எழுத்து எங்கிருந்து வந்தது? அந்தக் குலத்தின் பெயர்பெற்ற மூத்த பிள்ளை ஒன்றைக் காட்டுகிறோம். அதன் பெயர் 'காஸ்லான் ஆன்டிக்'. பழைய காஸ்லான் என்று பொருள். தண்டுகளின் நுனியிலே பாதம்போல் சிறு கோடு உடைய எழுத்து வகை; அந்தப் பாதங்களெல்லாம் கரடுமுரடாக, கோடுகளெல்லாம் நெளிந்து, பல நாள் அடிபட்டதுபோல் தோன்றும்.

பிறந்த ஊர், சிகாகோ. பிறந்த காலம், 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டு. வரைந்தவர் பெர்ன் நாடல். வார்த்து விற்றது பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் என்ற எழுத்து வார்ப்பு நிறுவனம். அந்தக் காலம் எத்தகையது? 1886இலேயே நியூயார்க் நாளேடு ஒன்றில் லைனோடைப் பொறி இயங்கத் தொடங்கிவிட்டது. வரி வரியாகப் புத்தம் புது ஈயத்தை வார்த்துத் தள்ளிற்று. தேய்ந்த எழுத்தின் தொல்லை தீர வழி பிறந்துவிட்ட வேளையிலே, தேய்மானத்தைத் தாய்ப் பள்ளத்திலேயே வெட்டிவைத்து வார்த்தார்கள்!

அதற்கு முதலில் வைத்த பெயர் என்ன தெரியுமா? 'பதினைந்தாம் நூற்றாண்டு'! பத்தொன்பதிலே பிறந்த குழந்தைக்குப் பதினைந்து என்று பெயர். அந்தப் பெயரில் விலைபோகவில்லை. பின்னர் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெயரை மாற்றி, 'காஸ்லான் ஆன்டிக்' என்றார்கள். விற்பனை ஓங்கிற்று. ஆனால் காஸ்லானுக்கும் அதற்கும் உறவு உண்டா? எள்ளளவும் இல்லை! வில்லியம் காஸ்லான் 1692இல் பிறந்து 1766இல் மறைந்த ஆங்கிலக் கைவினைஞர். துப்பாக்கிப் பூட்டுகளில் பூவேலை செதுக்கிப் பிழைத்தவர். தம் கைத்திறத்தால் எழுத்து வெட்டும் கலைக்கு உயர்ந்தவர். 1734இல் அவர் வெளியிட்ட மாதிரித்தாள் அந்தத் தொழிலின் பெருமை. அந்தத் தாளிலே எழுத்துகள் கூர்மையாக நிற்கின்றன, சிதைந்து கிடக்கவில்லை. அவர் வாழ்நாளெல்லாம் துடைத்தெறியப் பாடுபட்ட குறையை எடுத்து, அவர் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். முதற் பொய் விலைபோகவில்லை. இரண்டாம் பொய் விலைபோயிற்று. வாணிகம் அதை வெற்றி என்று எழுதிக்கொண்டது.

அமெரிக்கக் குடியேற்ற நாடுகளின் அச்சகங்களை நினைவூட்டுவதற்காகவே இந்தத் தேய்மானம் என்பார்கள். அங்கே அச்சிடுவோர் தேய்ந்த எழுத்தை விரும்பியா வைத்திருந்தார்கள்? எழுத்துகள் பெரும்பாலும் கடல் கடந்து இங்கிலாந்திலிருந்து வரவேண்டும். விலை மிகுதி. வாங்க வழியற்றவர்கள் உடைந்ததையே மீண்டும் மீண்டும் கோத்தார்கள். அந்த ஏழ்மையின் ஒட்டுத்துணியைப் பட்டாகப் போற்றுவது எந்த வகை அறிவு? ஒட்டுப் போட்டவன் புதுத்துணிக்கு ஏங்கினான். பட்டு உடுத்தவன் ஒட்டுக்கு ஏங்குகிறான்!

இன்னொன்றும் கேட்போம். அந்தக் காலம் இனிய காலம், எளிய காலம் என்று இந்த எழுத்து நம் காதில் ஓதுகிறதே, அந்தக் காலத்து ஏடுகள் அதே ஈயத்தைக் கொண்டு எதையெல்லாம் அச்சிட்டன? பெஞ்சமின் ஃபிராங்க்ளின் நடத்திய 'பென்சில்வேனியா கெசட்' ஏட்டிலேயே அடிமைகள் விற்பனைக்கு என்ற விளம்பரம் வந்தது. தப்பியோடிய அடிமையைப் பிடித்துத் தருவோர்க்குப் பரிசு என்ற விளம்பரமும் வந்தது. அந்த ஃபிராங்க்ளினே முதுமையில் மனம் மாறி, அடிமை முறையை ஒழிக்கக் கோரும் விண்ணப்பத்தில் 1790இல் கையெழுத்திட்டார். மனிதன் தன் பழமையைத் திருத்திக்கொண்டான். எழுத்து வணிகனோ அந்தப் பழமையின் கறையை நீக்கி, கவர்ச்சியை மட்டும் வடிகட்டி விற்கிறான்.

அதே ஃபிராங்க்ளின் செய்த சோதனை ஒன்று உண்டு. பர்மிங்காம் நகரில் ஜான் பாஸ்கர்வில் என்ற அச்சுக் கலைஞர் புதிய எழுத்து வெட்டினார். மையைக் கருமையாக்கினார், தாளை வழவழப்பாக்கினார். கடவுள் மறுப்பாளர் அவர். தேவாலயத்து மண்ணில் அல்ல, தம் சொந்த நிலத்திலேயே தம்மைப் புதைக்க வேண்டும் என்று எழுதி வைத்தவர். அவருடைய எழுத்து கண்ணைக் கெடுக்கிறது என்று ஒரு கனவான் குறை சொன்னார். ஃபிராங்க்ளின் உள்ளே போனார். காஸ்லானின் மாதிரித்தாளை எடுத்து, பெயர் இருந்த தலைப்பைக் கிழித்துவிட்டு, இதுதான் பாஸ்கர்வில்லின் தாள் என்று நீட்டினார். கனவான் வரிக்கு வரி குற்றம் கண்டார். படிக்கும்போதே கண் வலிக்கிறது என்றார்! வாழ்நாளெல்லாம் அவர் வலியின்றிப் படித்து வந்த எழுத்து அதுதான். 1760இல் இதைப் பாஸ்கர்வில்லுக்கே ஃபிராங்க்ளின் கடிதமாக எழுதினார்.

கனவானுக்கு வலித்தது கண் அல்ல, பழக்கம். பாட்டிக்கு இனித்ததும் மருந்து அல்ல, பழக்கம். அவர் புதுமை என்ற பெயரைக் கேட்டு வெறுத்தார். இவர் பழமை என்ற கோலத்தைக் கண்டு நம்பினார். இருவரும் பொருளைப் பார்க்கவில்லை. பாஸ்கர்வில்லின் எழுத்துகள் பின்னாளில் கடல் கடந்து சென்று, வால்டேரின் நூல் தொகுதியை அச்சிடப் பயன்பட்டன என்பதையும் நம் தோழர்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது. புதிய எழுத்து புதிய எண்ணத்தைச் சுமந்தது.

"நாடக விளம்பரத்துக்கும் நூல் அட்டைக்கும் பழைய தோற்றம் கொடுப்பது கூடவா குற்றம்?" என்று கேட்பார்கள். இல்லை. 'லே மிசராப்ல' இசை நாடகத்தின் பெயரை இந்தக் காஸ்லான் ஆன்டிக்கில்தான் பொறித்தார்கள். பார்ப்பவனுக்கு அது நாடகம் என்று தெரியும். அரங்கிலே அரசன் வேடம் கட்டுபவனை நாம் ஏசுவதில்லை, கைதட்டுகிறோம். அதே வேடத்தோடு தெருவில் இறங்கி வரி வசூலித்தால்? அப்போது விடமாட்டோம். மருந்தாக, வரலாறாக, ஆவணமாக வந்து நம்பிக்கையைக் கேட்கும்போது, தேய்ந்த எழுத்து கலையாக இருப்பதில்லை. மோசடியாகிறது.

"வடிவத்தில் என்ன இருக்கிறது?" என்று தமிழன் கேட்க முடியாது. தந்தை பெரியார் 1935இல் தம் 'குடி அரசு' ஏட்டில் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறையாக்கியபோது, பழைய வடிவம் போனால் தமிழே போகும் என்று பதறியவர்கள் உண்டு. அச்சுப் பெட்டியின் சுமையைக் குறைக்கும், குழந்தையின் சுமையைக் குறைக்கும் என்ற பயனைக் காட்டினார் அவர். 1978இல் தமிழ்நாடு அரசு அந்தத் திருத்தங்களில் பலவற்றை ஏற்றது. தமிழ் போய்விடவில்லை. இன்று நம் வகுப்புப் பிள்ளைகள் அந்தத் திருந்திய எழுத்தில்தான் தமிழ் படிக்கிறார்கள். எழுத்தின் மதிப்பு அதன் வயதில் இல்லை. அது செய்யும் பணியில் இருக்கிறது.

அப்படியானால் அச்சிட்ட தாளை எதைக் கொண்டு நம்புவது? அதற்கும் அந்தக் குடியேற்ற நாட்டிலேயே ஒரு விடை இருக்கிறது. 1776 ஜூலை 4 இரவு, அமெரிக்க விடுதலை அறிக்கையைப் பிலடெல்பியாவில் ஜான் டன்லப் அச்சிட்டார். எழுத்து, உண்மைக் காஸ்லான். 1777 ஜனவரியில், கையெழுத்திட்டோர் பெயர்களையும் சேர்த்துப் பால்டிமோரில் அச்சிட்டவர் ஒரு பெண்: மேரி கேதரின் கோடார்டு. பிரிட்டிஷ் அரசின் கண்ணில் அது துரோகப் பத்திரம். போரோ முடியவில்லை. ஆயினும் தாளின் அடியிலே, ஊர்ப் பெயரோடு தம் முழுப் பெயரையும் பொறித்தார் அந்தப் பெண்மணி. நான் அச்சிட்டேன், நான் பொறுப்பு என்பது அதன் பொருள். தாளுக்கு மதிப்புத் தருவது அதுதான். பழுப்பு நிறம் அல்ல, உடைந்த விளிம்பு அல்ல.

பாட்டியின் வீட்டுக்கு மாணவனோடு போனோம். கேள்விக்கு விடை சொல்லவில்லை. படத்தைப் பெரிதாக்கி முன்னே வைத்தோம். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் ஒரு காயத்தையும் இன்னொரு காயத்தையும் ஒப்பிட ஆங்கிலம் எதற்கு? விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "எல்லாவற்றையும் ஒரே அச்சில் உடைத்திருக்கிறானே!" என்றார். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு மாத்திரைப் பையை எடுத்துவரச் சொன்னார். மறுநாள் அரசு மருத்துவமனையில் இரத்தச் சோதனைக்குப் பேரனோடு போய் நின்றார். சர்க்கரை ஏறித்தான் இருந்தது. நல்ல வேளையாகக் காலம் கடந்துவிடவில்லை.

ஆனால் எல்லாப் பாட்டிக்கும் பேரன் இருப்பதில்லை. எல்லாப் பேரனும் கேட்பதில்லை. பொய்யை விற்பவனும் சும்மா இருப்பதில்லை. ஒரே எழுத்துக்கு மூன்று நான்கு வகை உடைசல் செய்து, கணினியே மாற்றி மாற்றி வைக்கும்படி இப்போது எழுத்துருக்கள் வந்துவிட்டன. ஆகவே 'ஈ'யை மட்டும் பார்த்தால் நாளைக்குப் போதாது. இளைஞர்களே, தாள் எதுவாயினும் நான்கு கேள்வி கேளுங்கள். எழுதியவர் யார்? அச்சிட்டவர் யார்? சான்று என்ன? யார் சோதித்தார்? விடை இல்லாத தாள் நேற்றுப் பிறந்திருந்தாலும் குப்பை. நானூறு ஆண்டுக்கு முன் பிறந்திருந்தாலும் குப்பை.

போர்க்களத்தில் புண் பட்ட வீரனுக்கு நாம் தலை வணங்குவோம். உழைத்துத் தேய்ந்த ஈயத்துக்கும் வணக்கம் சொல்வோம். களமே காணாமல், கண்ணாடி முன் நின்று மார்பிலே தழும்பு வரைந்துகொண்டு வருபவன் எதிர்ப்பட்டால், வணங்கவும் வேண்டாம், வாதாடவும் வேண்டாம். ஈரத்துணி ஒன்றை எடுத்துத் துடைத்துக் காட்டுங்கள். அது போதும்.